மை அம்பிசன்: வட்டுக்கோட்டையில் இருந்து தொழில்பேட்டை வரைக்கும்

இலங்கையில் தமிழில் படித்து ஓ.எல் எடுத்த யாரையும் பிடித்துக் கேளுங்கள். ஆங்கிலப் பாடத்தில் வேறு ஒன்றும் ஞாபகம் இல்லாவிட்டாலும் ஒரு கட்டுரை மட்டும் இன்றைக்கும் பாடமாய் இருக்கும். ‘மை அம்பிசன்’. ரியூட்டரியில் மாஸ்டர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதியது. எனக்கு ஒரு இலட்சியம் உண்டு, நான் வைத்தியராக வர விரும்புகிறேன், ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்வேன், நாட்டுக்குச் சேவை செய்வேன், அதற்காகக் கடுமையாகப் படிப்பேன். பத்துப் பன்னிரண்டு வசனம், அவ்வளவுதான். ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற பொடியனும் இதைத்தான் எழுதினான். விஞ்ஞானத்தில் பதினைந்து புள்ளி எடுத்தவனும் இதைத்தான் எழுதினான். வகுப்பில் நாற்பது பேர். நாற்பது பேரும் டொக்டர்!

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வருகிறது. ஆனால் இந்தச் சின்னக் கட்டுரைக்குப் பின்னால் இருநூறு வருடத்துக் கதை ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை ஆங்கிலத்தில் எழுதப் பழக்குவது, அந்த எழுத்தோடு சேர்த்து நல்ல குணங்களை ஊட்டுவது, ‘நீ என்னவாய் வரப்போகிறாய்’ என்று கேட்பது. இந்த மூன்றும் ஒரே பொதியாகக் கட்டப்பட்டு யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கியது. ஒவ்வொரு காலத்திலும் அந்தக் கேள்விக்குச் சரியான விடை எது என்பதை வேறு யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். எங்களுடைய பிள்ளைகளில் சிலர் அந்த விடையைத் தாண்டி எழுதினார்கள். அந்த இரண்டு பக்கத்தையும் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் வரலாறு படித்துப் பட்டம் எடுத்தவன் இல்லை. பல்கலைக்கழகப் படிப்பு பாதியில் நின்றுபோனவன். தோஹா தொழில்பேட்டையில் (நாங்கள் இங்கே ‘சனாயா’ என்று சொல்வோம்) ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை. கடை பூட்டிய பிறகு வாசிப்பதுதான் இப்போது என் படிப்பு. சரி, கதைக்கு வருவோம்.

1816-இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையில் வேலையைத் தொடங்கினார்கள். 1823-இல் டானியல் பூவர் என்பவரின் தலைமையில் வட்டுக்கோட்டை செமினறி தொடங்கியது. அடுத்த வருடம் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை வந்தது. செமினறியில் ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாஸ்திரம், தத்துவம் எல்லாம் படிப்பித்தார்கள். கட்டுரை எழுதுவதும் எழுந்து நின்று பேசுவதும் அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரிகளின் வழக்கம். அதையும் கொண்டுவந்தார்கள். இலங்கை அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்த எமேர்சன் ரெனன்ற், 1850-இல் வெளியிட்ட தன் நூலில், வட்டுக்கோட்டையில் கிடைக்கிற படிப்பை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிட்டு எழுதினார். பனங்கூடலுக்கு நடுவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தை!

அங்கே சேர்ந்த பிள்ளைகளுக்கு முதலில் மாறியது பெயர். அமெரிக்காவில் இருந்து ஒரு பிள்ளையின் படிப்புச் செலவைக் கொடுக்கிறவர், தனக்கு விருப்பமான பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம். அப்படித்தான் எங்களுடைய ஊர்ப் பிள்ளைகள் ஹென்றி மார்ட்டின் ஆகவும் சேத் பேசன் ஆகவும் ஆனார்கள். பாரசீகத்துக்குப் போன ஒரு பாதிரியாரின் பெயர் ஒன்று, அமெரிக்கப் பாதிரியார் ஒருவரின் பெயர் மற்றது. பெயரையே இன்னொருவர் எழுதிக் கொடுக்கும்போது எதிர்காலத்தை மட்டும் பிள்ளையிடம் விட்டுவிடுவார்களா? மிசனரிமார் தங்கள் நோக்கத்தை மறைக்கவும் இல்லை. இங்கே படிக்கிறவன் உபதேசியாகவோ பள்ளிக்கூட வாத்தியாராகவோ வந்து கிராமத்துக்குப் போகவேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஒழுக்கம், நேரம் தவறாமை, உண்மை பேசுதல், சுத்தம் எல்லாம் படிப்போடு சேர்ந்து வந்தன. இன்றைக்கு ‘வாழ்க்கைத் திறன்’ என்று பெரிய பெயரில் சொல்கிற பல விசயங்கள் அன்றைக்கே அங்கே இருந்தன.

ஆனால் இதே காலத்தில் கொழும்பில் வேறொரு காரியம் நடந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகள் 1833-இல் நடைமுறைக்கு வந்தன. அரசாங்கக் கந்தோர்களில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த உள்ளூர்க்காரர் தேவைப்பட்டார்கள். கோப்பைப் பார்த்து எழுத, கடிதம் எழுத, கணக்கு எழுத ஆள் வேண்டும். வட்டுக்கோட்டைப் பிள்ளைகள் அங்கே போகத் தொடங்கினார்கள். சம்பளமும் மரியாதையும் அங்கேதான் இருந்தது.

1855-இல் பொஸ்ரனில் இருந்து மிசன் தலைமைச் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையில் ஒரு தூதுக்குழு வந்து பார்த்தது. ஆங்கிலம் படிப்பித்தால் பிள்ளைகள் கிராமத்தில் நிற்க மாட்டார்கள், உத்தியோகத்துக்குப் போய்விடுவார்கள் என்பது அண்டர்சனின் கருத்து. அந்த வருடத்தோடு செமினறி மூடப்பட்டது. இந்த இடத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் தோற்றதால் மூடவில்லை. பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள், நன்றாக எழுதினார்கள். ஆனால் பள்ளிக்கூடம் எழுதி வைத்த எதிர்காலம் ஒன்று, பிள்ளைகள் தாங்களாக எழுதிக்கொண்டது இன்னொன்று. ஊர்ச்சனம் விட்டுவிடவும் இல்லை. உயர்ந்த ஆங்கிலப் படிப்பு வேண்டும் என்று கேட்டுக் கேட்டே 1872-இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது.

டொக்டர் கிறீனுடைய கதையும் இதே மாதிரித்தான். 1847-இல் வந்த அமெரிக்க வைத்தியர் அவர். மானிப்பாயில் எங்களுடைய பிள்ளைகளுக்கு மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். படித்தவர்கள் வெளியிடங்களில் அரசாங்க வேலைக்குப் போவதைக் கண்டார். 1860களில் தமிழுக்கு மாறினார். தமிழில் படித்தால் ஊரிலேயே நின்று ஊருக்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. அதற்காக வைத்திய நூல்களையே தமிழில் ஆக்கினார். அவர் நல்ல மனிதர், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் கவனியுங்கள், எந்த மொழியில் படிப்பது என்பதே நீ எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதைத் தீர்மானிக்கிற பூட்டாக இருந்தது.

இனி, அந்தப் பூட்டைத் தாண்டியவர்கள். அமெரிக்கர் பெயர் வைத்த ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் 1841 ஜனவரி 7-இல் வெளிவந்த ‘உதயதாரகை’ பத்திரிகையின் ஆசிரியர்களாக இருந்தார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்த பத்திரிகை. பள்ளிக்கூடத்தில் பழகிய கட்டுரை எழுத்து அங்கே ஊர் விவகாரம் பேசுகிற எழுத்தாக மாறியது.

இன்னொருவர் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்த தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டை மாணவர். ஆங்கிலத்தில் சி.டபிள்யூ. என்று எழுதுவார்கள். தமிழில் சி.வை. என்று எழுதினால் சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளை, ஊரும் தகப்பனும். ஒரே மனிதருக்கு இரண்டு முதலெழுத்து! 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். கறோல் விசுவநாதபிள்ளை ஒருவர், இவர் மற்றவர். இவர் பெரிய உத்தியோகம் பார்த்தார். அது எல்லோரும் எதிர்பார்த்த விடை. ஆனால் அந்த உத்தியோகத்துக்கு இடையில் செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்துத் தொல்காப்பியத்தையும் 1887-இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். மிசன் பள்ளிக்கூடமோ கச்சேரியோ இப்படி ஒரு எதிர்காலத்தை அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

ஆறுமுக நாவலரை இந்த இடத்தில் விட முடியாது. அவரும் மெதடிஸ்த பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவர்தான். பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பில் உதவியவர். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அதற்காகப் பாலபாடங்கள் எழுதினார். நற்குணம், ஒழுக்கம், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதெல்லாம் பிள்ளைக்கு விளங்குகிற தமிழ் வசனத்தில். மிசனரிமாரின் முறையைப் பார்த்து, அதே ஆயுதத்தை எடுத்து, தன் பக்கத்துக்குத் திருப்பினார். பிறகு 1872-இல் சைவப் பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றையும் தொடங்கினார். காசு இல்லாமல் சில வருடத்தில் அது நின்றது. 1890-இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது.

இதில் ஒரு பிளவு விழுந்ததாக எனக்குத் தோன்றுகிறது. நற்குணம் தமிழ்ப் புத்தகத்துக்குப் போனது. எதிர்காலம் ஆங்கிலக் கொப்பிக்குப் போனது. தமிழில் நல்ல பிள்ளையாய் இரு, ஆங்கிலத்தில் உத்தியோகம் எடு. இரண்டையும் ஒரு தாளில் வைத்து ‘நான் எப்படிப்பட்ட ஆளாய், என்ன வேலை செய்து வாழப்போகிறேன்’ என்று யோசிக்கிற பழக்கம் எங்களுடைய பள்ளிக்கூடங்களில் அரிதாகிவிட்டது.

பிறகு மலேயாக் காலம். 1885-இல் தைப்பிங்கில் இருந்து போட் வெல்ட் வரை மலேயாவின் முதல் ரயில் பாதை திறந்தது. ரயில்வேக்கும் கந்தோர்களுக்கும் ஆங்கிலம் எழுதத் தெரிந்த கிளாக்கர்மார் வேண்டும். கப்பல் கப்பலாக யாழ்ப்பாணத்துப் பொடியள் போனார்கள். மலேயாப் பென்சனில் கட்டின கல்வீடுகள் எத்தனை ஊர்களில் இருந்தன! ‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்’ என்ற எங்கடை பழமொழியை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்துக் கேம்பிரிட்ஜ் சோதனைகளில் ஆங்கிலக் கட்டுரையும் ஒன்று. நல்ல கையெழுத்து, பிழையில்லாத வசனம், அடக்கமான நடை. ஒரு நல்ல கிளாக்கருக்கு வேண்டிய குணங்களும் இவைதான் என்பது தற்செயல் இல்லை.

இதற்கு எதிராக எங்களுக்குள்ளேயே ஒரு குரல் எழுந்தது. 1924-இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் யாழ்ப்பாணக் கல்லூரியில் நல்ல ஆங்கிலம் படித்தவர்கள். அவர்கள்தான் தாய்மொழியில் கல்வி வேண்டும், சுயராச்சியம் வேண்டும், சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என்று பேசினார்கள். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். ஆங்கிலக் கட்டுரை எழுதப் பழகிய கை, அந்த ஆங்கிலப் படிப்பின் நோக்கத்தையே கேள்வி கேட்டது. தாமோதரம்பிள்ளை போனது ஒரு வழி என்றால் இது இன்னொரு வழி.

1945-இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. அதுவரை ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்றால் காசு, தாய்மொழிப் பள்ளிக்கூடம் என்றால் இலவசம். காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் கதவு திறந்தது. என்னைப் போன்றவர்கள் பல்கலைக்கழக வாசல் வரை போனதற்கு அதுதான் காரணம். படிப்பு தாய்மொழிக்கு மாறியதும் சரியான காரியம்தான். ஆனால் 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, தமிழில் படித்த பிள்ளைக்கு அரசாங்க வேலை என்ற கதவு ஒடுங்கத் தொடங்கியது. மிஞ்சியது டொக்டர், இஞ்சினியர் போன்ற தொழில்கள். அதற்கும் தரப்படுத்தல் வந்தது. 1971-இல் மருத்துவ பீடத்துக்கு 400 புள்ளிக்குத் தமிழ் மாணவர் 250 எடுக்கவேண்டி இருந்தது, சிங்கள மாணவருக்கு 229 போதும்.

இப்போது அந்த நாற்பது டொக்டர்மாரையும் திரும்பிப் பாருங்கள். அந்தக் கட்டுரை முட்டாள்தனமாய் வந்த ஒன்றில்லை. எல்லாக் கதவும் பூட்டிக்கொண்டு வர, மிஞ்சிய ஒற்றைக் கதவை ஒரு சமூகம் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றதன் அடையாளம் அது. ஆங்கிலமோ கிழமைக்குச் சில பாடவேளையாகச் சுருங்கிவிட்டது. கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் ஆங்கில ரீச்சரே இல்லை. பிழை விடாமல் எழுத ஒரே வழி பாடமாக்குவது. ஓ.எல் பாஸாக ஆங்கிலம் கட்டாயமும் இல்லை, எழுதிவிட்டு வந்தால் போதும். அதனால் கட்டுரையில் இருக்கிற எதிர்காலத்தை எவரும் நம்ப வேண்டிய தேவையே இருக்கவில்லை. எழுதுகிற பிள்ளையும் நம்பவில்லை, திருத்துகிற ஆசிரியரும் நம்பவில்லை.

நற்குணம் ஊட்டுவதாகச் சொல்லிக்கொள்கிற கட்டுரை பிள்ளைக்கு முதலில் பழக்கியது என்ன? திருத்துகிறவருக்குப் பிடித்ததை எழுது, உன் மனதில் இருப்பதை எழுதாதே என்பதைத்தான்.

எங்களுடைய காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1990 ஆனியோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கு. தாளுக்கும் தடை, பேப்பர்காரரே கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அடித்த காலம். அந்த வெளிச்சத்தில் குந்தியிருந்து, நாங்கள் நாட்டுக்குச் சேவை செய்வோம் என்று ஆங்கிலத்தில் பாடமாக்கினோம். பொம்பர் வந்தால் பங்கருக்குள் ஓடினோம், திரும்பி வந்து விட்ட வசனத்தில் இருந்து தொடங்கினோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க றோட்டில் இறங்கியபோது எனக்கு ஓ.எல் சோதனைக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அந்த இரவில் எத்தனை பள்ளிக்கூடப் பைகள் செம்மணி வெளியைக் கடந்தன! ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு ‘மை அம்பிசன்’ இருந்திருக்கும். நாளைக்கு எங்கே படுப்போம் என்ற ஒரு வசனம் எந்தக் கொப்பியிலும் இருந்திராது. அந்த வசனத்துக்கு வேண்டிய ஆங்கிலத்தை எவரும் படிப்பிக்கவில்லை.

அதற்குப் பிறகு பல இடம், பல முகாம், அது வேறு கதை. இங்கே கட்டாரில் என்னுடைய அட்டையில் அகதி என்று இல்லை, செய்கிற தொழில்தான் இருக்கிறது. இனிச் சொல்லப்போவது இந்த அட்டைக்காரர்களின் கதை.

2020 மார்ச் 17. கொரோனா பரவியதால் தொழில்பேட்டையில் 1-ஆம் தெருவில் இருந்து 32-ஆம் தெரு வரை பூட்டினார்கள். போகவும் முடியாது, வரவும் முடியாது. கடையும் பூட்டு. எங்களுடைய அறையில் இரண்டு தட்டுக் கட்டில்கள், எட்டுப் பேர். மட்டக்களப்புத் தம்பி ஒருவன், வவுனியாப் பொடியள் இரண்டு பேர், ராமநாதபுரத்துக்காரர் ஒருவர், இன்னும் சிலர். போன் பார்த்துப் பார்த்துக் கண் நொந்த பிறகு, ‘அண்ணை, இங்கிலீசு எழுதப் பழக்குங்கோவன்’ என்று கேட்டது மட்டக்களப்புத் தம்பிதான். கொப்பி இல்லை. கடையில் ஓடர் எழுதுகிற சிட்டைப் புத்தகம் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினோம்.

முதல் நாள் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எழுதுங்கள் என்றேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், ஐந்து பேர் ‘மை அம்பிசன்’ எழுதினார்கள்! ராமநாதபுரத்துக்காரர் ‘மை எய்ம் இன் லைஃப்’ என்று தலைப்புப் போட்டு ஆசிரியராகப் போவதாக எழுதினார். கடலுக்கு அந்தப் பக்கமும் இதே மருந்துதான் போல. முப்பது வயது தாண்டியவர்கள், ஒருவர் கிறேன் வேலை, ஒருவர் ரயர்க் கடை, ஒருவர் கிளீனிங். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிய அறையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

அடுத்த நாள் முறையை மாற்றினேன். வருங்காலத்தை எழுதவேண்டாம், முதலில் கையில் இருப்பதை எழுதுங்கள் என்றேன். எனக்கு என்ன இருக்கிறது, எனக்கு என்ன தெரியும், நான் யாருக்கு எவ்வளவு கடன். ‘ஹாவ்’ எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடன்பட்டிருக்கிறேன் என்பதற்கு ‘ஓ’ என்று ஒரு ஆங்கிலச் சொல் இருப்பது எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியாது. பத்து வருடம் ஆங்கிலம் படித்தவர்கள், எல்லோரும் கடன்காரர், அந்தச் சொல்லை மட்டும் எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் ‘வில்’லுக்கு வந்தோம். நாலாம் நாள் ‘இஃப்’. நடக்காவிட்டால் என்ன செய்வாய் என்பதையும் எழுதவேண்டும். கடைசியாக, இந்தத் திட்டத்தை யாரிடம் கேட்டு எழுதினாய், வீட்டில் யாருக்குத் தெரியும்.

மட்டக்களப்புத் தம்பி எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். ‘எனக்கு மூன்றரை லட்சம் ரூபா கடன். இரண்டு வருடத்தில் கட்டுவேன். பிறகு ஓட்டோ வாங்குவேன். ஓட்டோ வாங்க முடியாவிட்டால் அப்பாவின் மாட்டுப் பட்டியைப் பெரிதாக்குவேன். இதை மனைவியிடம் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்பேன்.’ இலக்கணத்தில் நாலு பிழை. ஆனால் ஒரு பொய் இல்லை. அடுத்த நாள் கேட்டான். மாடு வேண்டாம், ஓட்டோவும் வேண்டாம், காணியைச் சுற்றி வேலி அடைத்துத் தோட்டம் செய்வோம் என்று மனைவி சொல்லியிருக்கிறார். தாளைத் திருத்தி எழுதினான்.

திட்டம் எழுதினால் எல்லாம் அப்படியே நடக்கும் என்று சொல்ல நான் தன்னம்பிக்கைப் புத்தகம் எழுதுகிறவன் இல்லை. அதே 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. ஓட்டோ விலை எங்கேயோ போனது. 2022-இல் இலங்கை ரூபா விழுந்தது. ஒரு றியால் 55 ரூபா அளவில் இருந்தது, சில மாதத்தில் 100 ரூபாவை நெருங்கியது. ரூபாவில் கடன் வாங்கியவனுக்குக் கடன் லேசாகியது, ஊரில் சாமான் வாங்க நினைத்தவனுக்குக் கணக்கு முழுக்கப் பிழைத்தது. ஆனால் கணக்கை எழுதி வைத்திருந்தவனுக்கு எந்த வரி பிழைத்தது என்று தெரிந்தது. அந்த வரியை மட்டும் வெட்டித் திருத்தினான். வெறும் கனவாக வைத்திருந்தவன் முழுக் கனவையும் தூக்கிப் போட்டான்.

ஆங்கில எழுத்து இன்னொரு விதத்திலும் உதவியது. 2020 செப்டெம்பரில் கட்டாரில் சட்டம் மாறி, பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று வந்தது. 2021 மார்ச் 20 முதல் அடிப்படைச் சம்பளம் குறைந்தது 1000 றியால், இடமும் சாப்பாடும் கொடுக்காவிட்டால் அதற்கு 500-உம் 300-உம் மேலதிகம். சட்டம் வந்தாலும் விண்ணப்பம் எழுதத் தெரியவேண்டுமே? வவுனியாப் பொடியன் ஒருவன் தன் சிட்டைத் தாளில் இருந்த ‘எனக்கு என்ன தெரியும்’ என்ற பகுதியைத்தான் திருத்தி வேலை விண்ணப்பமாக அனுப்பினான். வேறு கம்பனியில் ஸ்ரோர் வேலை கிடைத்தது.

வட்டுக்கோட்டையில் இருந்து இவ்வளவு தூரம் வந்து நான் கண்டது இதுதான். ஆங்கிலம் எழுதப் பழக்குவதில் பிழை இல்லை. நல்ல குணத்தையும் எதிர்காலத்தையும் அதோடு சேர்த்துப் பழக்குவதிலும் பிழை இல்லை. தாமோதரம்பிள்ளையும் பேரின்பநாயகமும் அந்த வழியால் வந்தவர்கள்தான். விடையை முதலே எழுதி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதுதான் பிழை. உபதேசியாய் வா, கிளாக்கராய் வா, டொக்டராய் வா, வெளிநாட்டுக்குப் போ. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு விடை. விடை மாறியது, பாடமாக்குகிற பழக்கம் மாறவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற உறவுகளுக்கு இது பழைய கதை என்று படலாம். அப்படி இல்லை. கனடாவில் ஒன்ராறியோவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தொழில் பற்றிய பாடம் ஒன்று கட்டாயம். இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் போகிற பிள்ளை தன்னைப் பற்றி எழுதிக் கொடுக்கவேண்டும். 2026 அனுமதியில் இருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது இதற்கு எப்படி உதவும், வகுப்புக்கு வெளியே வேறு என்ன செய்தாய். நல்ல கேள்விகள்தான். ஆனால் எத்தனை வீடுகளில் அந்த விடையைத் தாயும் தகப்பனும், காசு கொடுத்துப் பிடித்த ரியூசன் மாஸ்டரும், இப்போது கணினியும் எழுதிக் கொடுக்கிறது? ஜாம் போத்தல் விளக்கில் நாங்கள் பாடமாக்கியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எங்களிடம் குறைந்தபட்சம் வேறு வழி இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்களும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களும் இதை வாசித்தால் ஒரு விண்ணப்பம். அடுத்தமுறை பிள்ளைகளிடம் இலட்சியம் பற்றி எழுதச் சொல்லும்போது நாலு கேள்வி சேர்த்துக் கொடுங்கள். இப்போது உன் கையில் என்ன இருக்கிறது? அங்கே போக எவ்வளவு காலம், எவ்வளவு காசு? அது நடக்காவிட்டால் என்ன செய்வாய்? இதை யாரோடு கதைத்தாய்? ஆங்கிலத்தில் எழுதட்டும், பிரெஞ்சில் எழுதட்டும், டொச்சில் எழுதட்டும். பிழை இருந்தால் பிறகு திருத்தலாம். நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது விதமாக வரும். திருத்துகிறவருக்குக் கொஞ்சம் கரைச்சல்தான். ஆனால் அந்தக் கரைச்சலுக்குத்தான் ஆசிரியர் என்று பெயர்.